எபிசோட் 37: ரிசப்ஷனில் என்ன பேர் கொடுத்தீங்க?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். பேச்சின் ஓட்டம் கெடாமல் சிறிது திருத்தப்பட்டது.)

இந்த எபிசோட் முழுக்க ஒரு ஓட்டல் ரிசப்ஷன் மேஜையைச் சுத்தித்தான் நடக்கப்போகுது. ஊர் பேர் அசிசி. இத்தாலியோட நடுப்பகுதியில உம்பிரியா மாநிலம், பெருஜியா மாவட்டம், சுபாசியோ மலைச்சரிவு. வெளிர் சிவப்பும் வெள்ளையும் கலந்த கல்லுல கட்டின ஊர். புனித பிரான்சிஸ் அசிசியாரோட ஊர்னு சொன்னா உடனே பிடிபடும். 1228ல அவருக்காகக் கட்ட ஆரம்பிச்ச பசிலிக்கா, அதுக்குள்ள இருக்கிற சுவரோவியங்கள், 1997 செப்டம்பர் 26 நிலநடுக்கத்துல அதோட மேற்கூரை இடிஞ்சு நாலு பேர் இறந்தது, இதெல்லாம் எழுதியும் பேசியும் தீர்ந்த விஷயங்கள். நாம அந்தப் பக்கம் போகல. இந்த ஊர்ல ராத்திரி எங்க தங்குறோம், அங்க நம்மகிட்ட என்ன கேட்கிறாங்க, எதுக்குக் கேட்கிறாங்க, அவ்வளவுதான் இன்னைக்கு விஷயம்.

அசிசியில கையைக் கடிக்காம தங்க ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, ரெண்டு நட்சத்திர ஓட்டல். பெரும்பாலும் ஒரு குடும்பம் நடத்தும். அப்பா ரிசப்ஷன்ல, அம்மா காலை உணவு பக்கம், பையன் எப்போ வருவான்னு யாருக்கும் தெரியாது. பழைய கட்டடம், அதனால லிஃப்டை எதிர்பார்க்கக் கூடாது. சாவியில ஒரு பித்தளைக் குண்டு தொங்கும், பாக்கெட்டுல போட்டா பேண்ட் இறங்கும், அதனால வெளிய போறப்ப தானா ரிசப்ஷன்ல கொடுத்துட்டுப் போவீங்க. அதுக்குத்தான் அந்தக் குண்டே. ரூம் சின்னது, சுவர் மட்டும் கோட்டைச் சுவர் மாதிரி தடிமன். மரச்சட்டக் கதவைத் தள்ளினா கீழ பள்ளத்தாக்கு மொத்தமும் தெரியும். ரெண்டாவது வழி, கன்னியர் மடங்கள் நடத்துற விருந்தினர் இல்லம். இன்னும் விலை குறைவு, படு சுத்தம், ஆனா ராத்திரி குறிப்பிட்ட நேரத்துக்கு மேல கதவைச் சாத்திருவாங்க. இந்த ரெண்டாவது வழியை ஞாபகத்துல வச்சுக்கோங்க, பின்னால வேணும்.

ரெண்டுல எங்க போனாலும் முதல் வார்த்தை ஒண்ணுதான். பாஸ்போர்ட் கொடுங்க.

நான் அங்க மூணு ராத்திரி தங்கின ஓட்டல்ல அந்தப் பெரியவர் பாஸ்போர்ட்டை வாங்கி, கண்ணாடியை நெத்தியில ஏத்திக்கிட்டு, ஒவ்வொரு எழுத்தா கம்ப்யூட்டர்ல தட்டினார். என் அப்பா பேர் என் பேரோட ஒட்டி இருந்ததுல குழம்பி ரெண்டு தடவை அழிச்சு எழுதினார். பத்து நிமிஷம். எனக்குப் பின்னால மூணு பேர் பெட்டியோட நிக்கிறாங்க. இவ்வளவு மெனக்கெட்டு அவர் அதை எங்க அனுப்புறார்? அந்தக் கேள்விதான் என்னை இந்த எபிசோடுக்குக் கொண்டுவந்தது.

போலீசுக்கு அனுப்புறார். இத்தாலியில எந்த ஓட்டலா இருந்தாலும், மடமா இருந்தாலும், வாடகைக்கு விடுற வீடா இருந்தாலும், தங்க வர்றவரோட அடையாள ஆவணத்தைப் பார்த்து, அந்த விவரத்தை 24 மணி நேரத்துக்குள்ள மாவட்டப் போலீஸ் தலைமையகத்துக்கு, அதாவது குவெஸ்தூராவுக்கு, தெரியப்படுத்தணும். இப்போ அதுக்கு ஒரு இணையதளம் இருக்கு, பேர் அலோஜாத்தி வெப். அனுப்பலைன்னா அது கிரிமினல் குற்றம். மூணு மாசம் வரை சிறை, இல்லன்னா 206 யூரோ வரை அபராதம். அதே மேஜையில ஒரு ராத்திரிக்கு இவ்வளவுன்னு நகர வரியும் வாங்குவாங்க. ஆனா அது 2011ல வந்த சட்டத்தால திரும்ப ஆரம்பிச்சது, அதுல பெரிய கதை இல்ல. கதை இருக்கிறது முதல் விஷயத்துல.

இந்தப் பதிவு விதி எந்தச் சட்டத்துல இருக்கு தெரியுமா? 1931 ஜூன் 18 தேதியிட்ட அரச ஆணை, எண் 773. பொதுப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு. ஆட்சியில முசோலினி. அதுல 109ஆம் பிரிவு ஓட்டல்காரர்களைப் பத்தினது. அதே சட்டத்துல 3ஆம் பிரிவு, அடையாள அட்டையைப் பத்தினது. ஊர் நிர்வாகத் தலைவர் தன் ஊர்க்காரங்களுக்கு அடையாள அட்டை கொடுக்கணும்னு சொல்றது. பாசிச அரசு போனது, மன்னர் போனார், குடியரசு வந்தது, ஐரோப்பிய யூனியன் வந்தது. சட்டம் பலமுறை திருத்தப்பட்டு இன்னும் நடப்புல இருக்கு. நம்ம துறையில பழைய கோடு ஒண்ணு கீழ ஓடிக்கிட்டே இருக்கும், யாரும் அதுல கை வைக்க மாட்டாங்க இல்லையா, அந்த மாதிரி.

ஆனா ஓட்டல்காரரை அரசோட கண்ணா மாத்தினது முசோலினி இல்ல. அவருக்கு 500 வருஷம் முன்னாலயே இது நடந்தாச்சு. இத்தாலிய நகரங்கள் ஒவ்வொண்ணும் தனித்தனி அரசா இருந்த காலம். ஊரைச் சுத்தி மதில், ராத்திரியானா வாசல் மூடிரும். மூடினதுக்கு அப்புறம் உள்ள இருக்கிற அந்நியன் யார்? வியாபாரியா, ஒற்றனா, எதிரிக் கட்சிக்காரனா, கொள்ளை நோய் பரவின ஊர்லேர்ந்து வந்தவனா? இதை வாசல் காவலாளி ஓரளவுதான் பார்க்க முடியும். சத்திரக்காரனுக்குத்தான் தெரியும். அதனால பொலோன்யா நகரத்துல 1376லயே இதுக்குன்னு ஒரு அலுவலகம். சீட்டு அலுவலகம்னு சொல்லலாம், இத்தாலியன்ல பொல்லெத்தே. ஊருக்குள்ள வந்து தங்குற அந்நியர்களைப் பதிவு பண்றது அதோட வேலை, சத்திரக்காரர்கள் அதுக்குத் தகவல் கொடுக்கணும். கொள்ளை நோய்க் காலத்துல கூடவே ஆரோக்கியச் சீட்டும் வந்துருச்சு. எந்த ஊர்லேர்ந்து கிளம்பினான், அந்த ஊர்ல நோய் இல்ல அப்படின்னு ஒரு காகிதம். 1580ல இத்தாலிக்கு வந்த பிரெஞ்சு எழுத்தாளர் மோன்தேய்ன் இந்தச் சீட்டுத் தொல்லையைத் தன் பயண நாட்குறிப்புல எழுதியிருக்கார்.

ஒரு சின்ன இடைச்செருகல். இத்தாலியன்ல ஒஸ்பிதே அப்படின்னா விருந்தாளி. விருந்து கொடுக்கிறவருக்கும் அதே வார்த்தைதான். இது லத்தீன் ஹோஸ்பெஸ்லேர்ந்து வந்தது. அதோட நெருங்கிய உறவுக்கார வார்த்தை ஹோஸ்திஸ், அதுக்கு அந்நியன்னும் எதிரின்னும் அர்த்தம். ஓட்டலுக்கு இத்தாலியன்ல ஆல்பெர்கோ. அது ஜெர்மானிய மொழிக் குடும்பத்துலேர்ந்து வந்த சொல், மூல அர்த்தம் படை தங்குற இடம். ரிசப்ஷன்ல உங்களைப் பார்த்துச் சிரிக்கிறவர் உங்களை எந்தக் கணக்குல வச்சிருக்கார்னு மொழியே முடிவு பண்ணல பாருங்க.

சரி, அசிசிக்கு வருவோம். இந்த ஊருக்கு வந்தவங்கள்லயே எனக்கு ரொம்பப் பிடிச்ச விருந்தாளி ஜெர்மன் கவிஞர் கோதே. 1786 செப்டம்பர்ல யார்கிட்டயும் சொல்லாம கார்ல்ஸ்பாத் நகரத்துலேர்ந்து விடியக்காலையில வண்டி ஏறி இத்தாலிக்குக் கிளம்பிட்டார். அப்போ அவர் வைமார் அரசுல பெரிய அதிகாரி, ஐரோப்பா முழுக்கத் தெரிஞ்ச நாவலாசிரியர். இந்த ரெண்டுலேர்ந்தும் தப்பிக்கணும். அதனால போலிப் பேர்ல போனார். யோஹான் ஃபிலிப் மோலர். சத்திரங்கள்ல எல்லாம் அந்தப் பேர்தான்.

கோதே தங்கின சத்திரங்களைப் பத்திப் படிச்சா ரெண்டு நட்சத்திர ஓட்டலை யாரும் குறை சொல்ல மாட்டீங்க. கார்தா ஏரிக்கரையில தோர்போலேன்னு ஒரு ஊர். சத்திரத்துல கதவுக்குப் பூட்டு இல்ல. ஜன்னல்ல கண்ணாடிக்குப் பதிலா எண்ணெய் தடவின காகிதம். கழிப்பறை எங்கன்னு கேட்டதுக்கு வேலைக்காரர் முற்றத்தைக் காட்டி, எங்க வேணும்னாலும் போகலாம்னு சொல்லியிருக்கார். அப்புறம் மால்செசினேங்கிற ஊர்ல இடிஞ்ச கோட்டையை உட்கார்ந்து வரைஞ்சுக்கிட்டு இருந்தப்ப, ஒற்றன்னு சந்தேகப்பட்டு ஊரே கூடிருச்சு. ஒருத்தர் அந்த ஓவியத்தைக் கிழிச்சே போட்டார்.

அக்டோபர் கடைசியில அசிசி. வண்டியைக் கீழ சமவெளியிலேயே விட்டுட்டு, காத்துல மலை ஏறி நடந்தே வர்றார். பிரான்சிஸ் பசிலிக்கா கண்ணுக்கு முன்னால நிக்குது. உள்ள போகல. பிடிக்காம ஒதுங்கிப் போயிட்டார். நேரா ஊர் நடுச் சதுக்கத்துல இருக்கிற மினர்வா கோயில், ரோமானியர் காலத்துத் தூண்களோட இன்னைக்கும் நிக்குது, இப்போ அது தேவாலயம், அதை மட்டும் ஆசை தீரப் பார்த்துட்டு ஃபோலிஞ்ஞோ ஊருக்கு நடக்க ஆரம்பிச்சார். வழியில நாலு பேர் மறிக்கிறாங்க. போப் அரசோட காவலர்கள், ரெண்டு பேர்கிட்டத் துப்பாக்கி. யார் நீ? வண்டி வச்சுக்கிட்டு ஏன் நடந்து போற? பெரிய மடத்துக்குப் போனியா? போகலைன்னு கோதே சொன்னதும் சந்தேகம் உறுதியாயிருச்சு. அசிசிக்கு வந்து பிரான்சிஸ்கிட்ட வணக்கம் வைக்காதவன் கண்டிப்பா கடத்தல்காரனாத்தான் இருக்கணும். பை இல்லாம, பாக்கெட் காலியா நடக்கிறவன் எதைக் கடத்துவான், ஊர்த் தலைவர்கிட்ட வாங்க, காகிதங்களைக் காட்டறேன்னு கோதே திருப்பிக் கேட்டதும் முணுமுணுத்துக்கிட்டே விட்டுட்டாங்க. அதுல ஒருத்தர் மட்டும் திரும்பி வந்து இனாம் கேட்டு வாங்கிக்கிட்டார். அது எந்த நாட்டுலயும் மாறாது போல.

அன்னைக்கு ராத்திரி ஃபோலிஞ்ஞோ சத்திரத்துல பெரிய கூடத்துக்கு நடுவுல தரையில நெருப்பு, சுத்தி எல்லாரும் சத்தம் போட்டுச் சாப்பிட்டுக்கிட்டு இருக்க, உட்கார்ந்து இதை எழுதினார். அப்புறம் ரோம் போய், கோர்சோ தெருவுல ஒரு ஜெர்மன் ஓவியர் வீட்டுல தங்கினார். 1787ல அந்தப் பங்குக் கோயில் குடியிருப்போர் பதிவேட்டுல அவரும் ஏறியிருக்கார். ஃபிலிப்போ மில்லர், ஜெர்மானியர், ஓவியர், வயசு 32. பேர் பொய், தொழில் பொய், வயசும் அஞ்சு குறைச்சல், அப்போ அவருக்கு 37. மூணு ஃபீல்டுல மூணும் தப்பான ஒரு ரெக்கார்டு, சர்ச் முத்திரையோட.

கோதேக்கு இது விளையாட்டு. மாட்டியிருந்தா ஒரு கடிதம், ஒரு சிபாரிசு, முடிஞ்சது. அசிசியில 157 வருஷம் கழிச்சு அதே காரியத்தை வேற ஆட்கள் பண்ணினாங்க. அவங்க மாட்டியிருந்தா முடிஞ்சிருப்பது வேற.

கொஞ்சம் பின்னணி சொல்லணும். 1938 ஆகஸ்ட் 22, இத்தாலி அரசு யூதர்களை மட்டும் தனியா ஒரு கணக்கெடுப்பு நடத்துச்சு. பெற்றோர்ல ஒருத்தராவது யூதரா இருக்கிறவங்க 58,412 பேர், அதுல யூதர்னு வகைப்படுத்தினது 46,656 பேர். கவனிங்க, இனச் சட்டங்கள் வந்தது அதுக்கு அப்புறம், செப்டம்பர்லேர்ந்து நவம்பர் வரை. முதல்ல டேபிள், அப்புறம்தான் அதுக்கு மேல குவெரி. பள்ளிக்கூடம், பல்கலைக்கழகம், ராணுவம், அரசு வேலை எல்லாத்துலேர்ந்தும் வெளியேத்தினாங்க.

எலக்ட்ரானிக்ஸ் படிச்சவங்களுக்கு விடெர்பி அல்காரிதம் தெரிஞ்சிருக்கும். நாலாவது செமஸ்டரோ அஞ்சாவது செமஸ்டரோ, டிரெல்லிஸ் படம் போட்டே நோட்டு தீரும். அதைக் கண்டுபிடிச்ச ஆண்ட்ரூ விடெர்பி 1935ல இத்தாலியில பெர்காமோ ஊர்ல பிறந்தவர். இந்தச் சட்டங்களாலதான் 1939ல அவர் குடும்பம் அமெரிக்கா போச்சு. விடெர்பிங்கிற குடும்பப் பேரே விடெர்போங்கிற ஊர்லேர்ந்து வந்தது. இத்தாலிய யூதர்கள் நிறையப் பேருக்கு இப்படித்தான், வோல்தெர்ரா, பெசாரோ, அன்கோனான்னு ஒரு ஊர்ப் பேர். ஒரு ஊரை விட்டு இன்னொரு ஊருக்குத் தங்க வந்தப்ப, எங்கேர்ந்து வந்தீங்கன்னு கேட்டதுக்குச் சொன்ன பதில் அப்படியே பேரா ஒட்டிக்கிச்சு. ரிசப்ஷன் மேஜையில சொன்ன பதில்தான்னு வச்சுக்கலாம். பிரச்சினை என்னன்னா, 1943ல அந்தப் பதிலைப் பார்த்தே ஒரு காவலர் நிமிர்ந்து பார்க்க ஆரம்பிப்பார்.

1943 செப்டம்பர் 8. இத்தாலி நேச நாடுகள்கிட்ட சரணடைஞ்சது. ஜெர்மன் படை உடனே நாட்டோட வடக்கையும் நடுப்பகுதியையும் பிடிச்சுக்கிச்சு. ரெண்டே வாரத்துல என்ன நடந்ததுன்னு பாருங்க. மஜ்ஜோரே ஏரிக்கரையில மெய்னான்னு ஒரு சின்ன ஊர், அங்க ஓட்டல் மெய்னா. குண்டுவீச்சுக்குப் பயந்தும் ஒளிஞ்சுக்க இடம் தேடியும் வந்த யூதக் குடும்பங்கள் அங்க தங்கியிருந்தாங்க. எஸ்எஸ் படை வந்து அவங்களை மேல் மாடி ரூம்கள்ல ஒரு வாரம் அடைச்சு வச்சது. செப்டம்பர் 22, 23 ராத்திரிகள்ல 16 பேரைக் கொன்னு ஏரியில போட்டாங்க. ஓட்டல் முதலாளியும் யூதர்தான். அவர் குடும்பம் துருக்கிக் குடிமக்கள், தூதரகம் தலையிட்டதால பிழைச்சாங்க. ஒரே கட்டடம், ஒரே மாடிப்படி. யார் பிழைச்சாங்க, யார் செத்தாங்கங்கிறதை ஒரு காகிதத்துல இருந்த நாட்டோட பேர் முடிவு பண்ணிச்சு.

அக்டோபர் 16ல ரோம் நகரத்துல ஒரே நாள்ல ஆயிரத்துக்கும் மேல பிடிச்சு ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினாங்க. திரும்பி வந்தது 16 பேர். நவம்பர் 30ல இத்தாலிய உள்துறை அமைச்சரே ஆணை போட்டார், எண் 5, நாட்டுல இருக்கிற எல்லா யூதர்களையும் கைது பண்ணச் சொல்லி. அதாவது இதுக்கு மேல குவெஸ்தூராவுக்குப் போற ஒவ்வொரு ஓட்டல் சீட்டும் ஆளைப் பிடிக்கிற சீட்டு. இத்தாலியிலேர்ந்து நாடு கடத்தப்பட்டவங்க சுமார் 7,000 பேர், பெரும்பாலானவங்க திரும்பல.

இந்தச் சூழ்நிலையில வடக்கேர்ந்தும் மத்த ஐரோப்பிய நாடுகள்லேர்ந்தும் யூதர்கள் அசிசிக்கு வர்றாங்க. அப்போ அந்த ஊர்ல யூத சமூகமே கிடையாது. சொந்தக்காரர் வீட்டுல ஒளியற வாய்ப்பே இல்ல. ஆனா அசிசிக்குன்னு ஒரு வசதி இருந்தது. 700 வருஷமா அந்நியர்களைப் பார்த்துப் பழகின ஊர். யாத்ரீகர் வருவார், தங்குவார், போவார், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. கோதே காலத்துல யாத்ரீகர் மாதிரி நடந்துக்காததுதான் சந்தேகம். இப்போ யாத்ரீகர் மாதிரி இருந்துட்டா போதும். கூடவே குண்டுவீச்சுல வீடிழந்து மத்த ஊர்கள்லேர்ந்து வந்தவங்க ஆயிரக்கணக்குல. மடங்களோட விருந்தினர் இல்லங்கள் இருந்தன, ஞாபகம் வச்சுக்கச் சொன்னேனே, அதுதான். முதல்ல அந்த ரூம்கள், நிலைமை மோசமானப்ப வெளி ஆளே நுழையக் கூடாத கன்னியர் மடத்து உள்பகுதி. சான் குயிரிக்கோ மடத்துல இந்தக் கட்டுப்பாட்டை மீறித்தான் கதவைத் திறந்தாங்க.

இதை நடத்தினவர் ஆயர் ஜுசெப்பே பிளாசிதோ நிக்கொலினி. அவர் வலது கை ஆல்தோ புருனாக்கிங்கிற பாதிரியார். கூட ருஃபினோ நிக்காச்சிங்கிற பிரான்சிஸ்கன் துறவி. வந்தவங்களோட உண்மையான ஆவணங்களையும் நகை மாதிரி பொருட்களையும் ஆயர் மாளிகை நிலவறையில வச்சுச் சுவர் எழுப்பினாங்க. ரகசியம் வெளிய போகக் கூடாதுன்னு கொத்தனாரைக் கூப்பிடல. ஆயரே செங்கல் அடுக்கினார், தான் விளக்குப் பிடிச்சேன்னு புருனாக்கி பின்னால சொல்லியிருக்கார். வயசான ஆயர் கரண்டியும் சுண்ணாம்புமா நிக்கிற அந்தக் காட்சி எனக்குப் பசிலிக்கா ஓவியங்களை விடப் பிடிக்கும். சொல்லிட்டேன், திட்டறவங்க திட்டுங்க.

உண்மை ஆவணம் சுவத்துக்குள்ள போயிருச்சுன்னா வெளிய நடமாட வேற ஆவணம் வேணும். சாந்தா கியாரா தேவாலயத்துக்கிட்ட லூயிஜி பிரிஸி சின்ன அச்சகமும் கடையும் வச்சிருந்தார். அவரும் மகன் திரென்தோவும் அடையாள அட்டை அச்சடிக்க ஆரம்பிச்சாங்க. 1931 சட்டம் 3ஆம் பிரிவு உருவாக்கின அதே அட்டை. அதைக் காட்டினா 109ஆம் பிரிவுப்படி எங்கயும் தங்கலாம், ரேஷன் சீட்டு வாங்கலாம்.

இப்போ ஒரு எஞ்சினியரா நான் கேட்கிற கேள்வி, வெரிஃபிகேஷனை எப்படி ஏமாத்தினாங்க? அட்டை எவ்வளவு அழகா இருந்தாலும், அதுல போட்டிருக்கிற ஊர் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டா போச்சு. அப்படி ஒரு ஆள் எங்க ஊர்ல இல்லன்னு பதில் வந்துரும். இத்தாலியில மக்கள் பதிவேடு ஊர் ஊருக்குத் தனி, அந்தந்த நகராட்சியில மட்டும்தான் இருக்கும். நாடு முழுக்க எல்லாத்தையும் ஒரே தேசியப் பதிவேட்டுல சேர்த்து முடிச்சதே 2022 ஜனவரியில, 7,903 ஊர்கள். 1943ல ஒவ்வொரு ஊரும் தனி சர்வர்.

அசிசியில இருந்தவங்க பண்ணினது இதுதான். அட்டையில தெற்கு இத்தாலிய ஊர்களைப் போட்டாங்க. ஃபோஜியா, தாரன்தோ, லெச்சே மாதிரி ஊர்கள். அதெல்லாம் 1943 செப்டம்பர்லயே நேச நாடுகள் கைக்குப் போயாச்சு. நடுவுல போர் முனை. பெருஜியாவுல இருக்கிற போலீஸ்காரர் லெச்சே நகராட்சிக்குப் போன் போட முடியாது, கடிதம் எழுத முடியாது, ஆள் அனுப்ப முடியாது. அட்டை போலின்னு சந்தேகம் வரலாம், நிரூபிக்க வழி கிடையாது. தெற்கேர்ந்து போருக்குப் பயந்து வடக்க ஓடிவந்த கத்தோலிக்கக் குடும்பம்னு கதையும் பொருந்துது. கதைக்குப் பொருந்தற மாதிரி ஜெபமும் கத்துக்கிட்டாங்க. இனச் சட்டத்தால வேலை போன, பதுவா பல்கலைக்கழகத்துல வேதியியல் கற்பிச்ச எமிலியோ விடெர்பியோட குடும்பம் அப்படி அசிசியில பிழைச்ச குடும்பங்கள்ல ஒண்ணு. ஆண்ட்ரூ விடெர்பியையும் இவரையும் சொந்தக்காரங்களாக்க நான் வரல. ஒரே ஊர்ப் பேரைச் சுமந்த ரெண்டு பேர், ஒருத்தர் கடல் தாண்டிப் பிழைச்சார், இன்னொருத்தர் பேரை மாத்திப் பிழைச்சார்.

இதே உத்தி வேற இடத்துலயும் வேலை செஞ்சிருக்கு. எழுத்தாளர் நத்தாலியா கின்ஸ்புர்க் தன் கணவர் லியோனேயோட அப்ருஸ்ஸோ மலைப்பகுதியில பிஸ்ஸோலிங்கிற கிராமத்துல அரசு உத்தரவுப்படி ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தார். ஜெர்மன்காரங்க வந்தப்ப ஊர்க்காரங்க, இவங்க எங்க சொந்தக்காரப் பொண்ணு, நேப்பிள்ஸ்லேர்ந்து வந்தவங்க, குண்டுவீச்சுல காகிதம் எல்லாம் போச்சு, ரோமுக்குப் போகணும்னு சொல்லி, ஜெர்மன் ராணுவ லாரியிலேயே அவரையும் குழந்தைகளையும் ஏத்தி அனுப்பிட்டாங்க. நேப்பிள்ஸும் அப்போ போர் முனைக்கு அந்தப் பக்கம்தான். லியோனே பிழைக்கல. ரோம்ல கைதாகி, 1944 பிப்ரவரியில சிறையில இறந்தார்.

அசிசிக்கு அதிர்ஷ்டமும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. ஊரை ஜெர்மன் ராணுவம் மருத்துவமனை நகரமா வச்சிருந்தது. பொறுப்புல இருந்த வாலன்டின் முல்லர் ஒரு டாக்டர், பக்தியான கத்தோலிக்கர். ஊர் குண்டுவீச்சுலேர்ந்து தப்பிச்சதுல அவர் பங்கு இருக்குன்னு ஊர்க்காரங்க நன்றியோட சொல்றாங்க. சைக்கிள் வீரர் ஜினோ பார்தாலி, 1938ல டூர் டி பிரான்ஸ் ஜெயிச்சவர், ஃபிளாரன்ஸ் நகரத்துலேர்ந்து சைக்கிள் ஃபிரேமுக்குள்ள ஆவணங்களைச் சுருட்டி வச்சு அசிசிக்கு ஓட்டி வந்தார்னு ஒரு கதை ரொம்பப் பிரபலம். 2013ல யாத் வாஷெம் அவரைக் கௌரவிச்சது. ஆனா அந்தக் கதையில எவ்வளவு உறுதியானதுன்னு வரலாற்றாசிரியர்களுக்குள்ள இன்னும் விவாதம் நடக்குது. எனக்கு என்னமோ பார்தாலி இல்லாமலே இந்தக் கதை நிக்கும்னு தோணுது. அச்சகக்காரர் போதும். எத்தனை பேர் பிழைச்சாங்கங்கிறதுக்கு வழக்கமா சொல்ற எண்ணிக்கை சுமார் 300.

1944 மே மாசம் புருனாக்கியைக் கைது பண்ணினாங்க. ஊர்ல ஒளிஞ்சிருந்தவங்க மாட்டல. ஜூன் 17ல பிரிட்டிஷ் படை அசிசிக்குள்ள வந்தது. ஆயர் மாளிகை நிலவறைச் சுவரை இடிச்சு அவங்கவங்க பேரை அவங்கவங்ககிட்ட திருப்பிக் கொடுத்தாங்க.

பிரிஸியோட அச்சு இயந்திரத்தை அசிசி நினைவு அருங்காட்சியகத்துல இப்பவும் பார்க்கலாம். பசிலிக்காவுக்கு வர்ற கூட்டத்துல கால்வாசி கூட அங்க வராது, வரிசை இல்லாம பார்த்துட்டு வரலாம். அங்க நின்னப்ப எனக்கு உறுத்தின விஷயத்தைச் சொல்லிடறேன். தினமும் ஆபீஸ்ல நான் பண்ற வேலையே, ஒரு சிஸ்டம்ல இருக்கிற பேரும் இன்னொரு சிஸ்டம்ல இருக்கிற பேரும் ஒத்துப்போகுதான்னு பார்க்கிற சாஃப்ட்வேர். டூப்ளிகேட் இருக்கக் கூடாது, பொருந்தாத ரெக்கார்டு இருக்கக் கூடாது, பதில் ரெண்டு செகண்டுல வரணும். லெச்சே நகராட்சிக்கு அந்த மாதிரி ஒரு கனெக்‌ஷன் 1943ல இருந்திருந்தா பிரிஸி அட்டை ஒரு நாள் கூட தாங்கியிருக்காது. அதுக்காக இன்னைக்கு ஓட்டல்ல பாஸ்போர்ட் கேட்கிறதைத் தப்புன்னு சொல்லிட முடியல. தலைமறைவா இருந்த மாஃபியா ஆட்களையும் தீவிரவாதிகளையும் தேடறதுக்கு இதே பதிவு வேணும்னு இத்தாலியப் போலீஸ் சொல்றதுல அர்த்தம் இருக்கு. 2024 நவம்பர்ல உள்துறை அமைச்சகம், வாசல்ல சாவிப்பெட்டி வச்சுட்டு ஆளைப் பார்க்காம வாடகைக்கு விடுறது கூடாது, முகத்தையும் ஆவணத்தையும் நேர்ல ஒப்பிட்டுப் பார்க்கணும்னு சுற்றறிக்கை விட்டது. மேஜைக்குப் பின்னால ஒரு மனுஷன் உட்கார்ந்திருக்கணும்னு அரசே கேட்குது. எனக்கு அதுல ஒரு சின்ன நிம்மதி. முகத்தையும் காகிதத்தையும் பார்த்துட்டு, தெரிஞ்சே சாவியை எடுத்துக் கொடுக்கறது மனுஷனாலதான் முடியும்.

முடிக்கறதுக்கு முன்னால ஒரு தகவல். அசிசியில ஒளிஞ்சிருந்தப்ப ஒரு யூதப் பெண்மணி நோயால இறந்துட்டாங்க. போலிப் பேர்ல தங்கினவங்களை உண்மைப் பேர்ல அடக்கம் பண்ண முடியாது, மத்தவங்க எல்லாரும் மாட்டிருவாங்க. அதனால கிறிஸ்தவச் சடங்கோட, அட்டையில இருந்த பேர்லயே அடக்கம் பண்ணினாங்க. அவங்க உண்மைக் குடும்பப் பேருக்கு ஜெர்மன்ல வெள்ளைன்னு அர்த்தம். போலிப் பேரைத் தேர்ந்தெடுத்தவங்க அதை அப்படியே இத்தாலியன்ல மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தாங்க.

அவ்வளவுதான் நண்பர்களே. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.